சின்சே அனுப்பிய இடம்

பக்கவாதம் என்றதும் கோணிய வாயும் தூக்க முடியாத கையும் இழுத்து நடக்கும் காலும்தான் நினைவுக்கு வரும். தொண்டையை யாரும் நினைப்பதில்லை. அப்பாவுக்கு வந்ததோ தொண்டையில் உட்கார்ந்துகொண்ட பக்கவாதம். சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றின் கட்டிலில் உட்கார்ந்தபடி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். காலை மடக்கினார், நீட்டினார். "பெருசா ஒன்னுமில்ல போலிருக்கே" என்று அம்மா ஆறுதல்பட்டுக்கொண்டார். ஆனால் தன் வாயில் ஊறும் எச்சிலை விழுங்க அப்பாவால் முடியவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பை. பேச்சுக்கு நடுவிலும் தூக்கத்துக்கு நடுவிலும் அதில் துப்பிக்கொண்டே இருந்தார்.

கழுத்தின் பின்புறமாக மூளைக்கு ஏறும் ரத்தக்குழாயில் வலப்பக்கம் அடைப்பு. அதனால் மூளைத்தண்டின் அடியிலிருக்கும் முகுளத்தில் ஓர் ஓரம் செத்துப்போயிருந்தது. மருத்துவர் படத்தில் காட்டியபோது, இத்தனூண்டு இடத்துக்கா இவ்வளவு பாடு என்றுதான் தோன்றியது. விழுங்குவதை நடத்தும் நரம்புக்கூட்டம் குடியிருப்பதே அந்த இடத்தில்தான் என்றார். 1895-இல் இந்த நோயின் குணங்களை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் வாலன்பர்க்கின் பெயராலேயே இதை அழைக்கிறார்கள். தலைசுற்றல், கரகரத்த குரல், விடாத விக்கல், ஒரு பக்கத்துக் கண்ணிமைச் சரிவு, உடம்பின் மறுபாதியில் சூடும் வலியும் உறைக்காமல் போவது. ஒன்று விடாமல் எல்லாம் அப்பாவிடம் இருந்தன. கப்பல் பட்டறையில் காலமெல்லாம் வெல்டராக இருந்தவர். தாதி வெந்நீரில் பிழிந்து தந்த துண்டை இடது கையில் வாங்கி, "ஆறிப்போச்சும்மா, வேற கேளு" என்றார். வலது கைக்கு மாற்றியதும் வெடுக்கென்று கீழே போட்டார். பிறகு குனிந்து தன் இடது கையை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சு சிகிச்சையாளர் என்று ஒரு சீனப் பெண் வந்தார். பேச்சு வராதவர்களுக்குப் பயிற்சி தருபவர் என்று நான் எண்ணியிருந்தேன். விழுங்க முடியாதவர்களையும் பார்ப்பது அவர்தான் என்பது அன்று தெரிந்தது. ஒரு தாளில் தொண்டையை வரைந்து எனக்கு விளக்கினார். மூச்சுக்கும் சோற்றுக்கும் தொண்டைவரை ஒரே வழி. ரயில் வரும்போது கேட் மூடுவதுபோல, ஒவ்வொரு வாய்க்கும் மூச்சு ஒரு கணம் நிற்க வேண்டும். குரல்வளை மேலே எழும்பி முன்னால் வர வேண்டும். குரல்நாண்கள் ஒட்டிக்கொள்ள, மேல்மூடி கவிழ்ந்து மூச்சுக்குழாயை மறைக்க வேண்டும். அதே நேரத்தில் உணவுக்குழாயின் வாசலை இறுக்கிப் பிடித்திருக்கும் வளையத்தசை தளர்ந்து வழிவிட வேண்டும். 25-க்கும் மேற்பட்ட ஜோடித் தசைகளும் மூளையிலிருந்து நேரே வரும் ஐந்து ஜோடி நரம்புகளும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு நொடிக்குள் முடிக்கிற வேலை அது. பலம் இருந்து பயனில்லை, கணக்காக நேரம் ஒத்துவர வேண்டும் என்றார்.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு முதல் சில நாட்களில் விழுங்குவதில் ஏதாவது சிக்கல் இருக்கிறது என்றும் அவர்தான் சொன்னார். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானே சரியாகிவிடும். அப்பாவுக்கு அடிபட்டிருப்பது விழுங்கும் மையமே என்பதால் நாளாகலாம் என்றார்.

கொஞ்ச நாளில் அப்பாவை எக்ஸ்ரே அறைக்கு அழைத்துப் போனார்கள். பக்கவாட்டில் பார்த்தபடி நாற்காலியில் உட்கார வைத்து, பேரியம் கலந்த தண்ணீரை ஒரு தேக்கரண்டி வாயில் விட்டார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று நான் திரையைப் பார்த்தேன். நாக்கின் பின்புறத்தில் கறுப்பாக ஒரு கோடு வழுக்கி இறங்கியது. தொண்டையின் அடியில் வந்து தேங்கி நின்றது. உணவுக்குழாயின் வாசல் திறக்கவில்லை. அப்பா மறுபடியும் முயன்றார், குரல்வளை அரைகுறையாக எழும்பி விழுந்தது. தேங்கியதிலிருந்து மெல்லிய இழை ஒன்று பிரிந்து, முன்பக்கமாக, போகக்கூடாத குழாயில் இறங்கியது. அவர் இருமவே இல்லை. நன்றாகக் குடித்துவிட்டேனா என்பதுபோல் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு, 'இருமல் வரவில்லை, அதனால் சரியாகிவிட்டது' என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை. புரையேறினால் இருமல் வரும் என்பது ஆரோக்கியமானவர்களின் கணக்கு. உணர்வு மரத்த தொண்டையில் தண்ணீர் சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் போகும். பக்கவாத நோயாளிகளைப் பிறகு படுக்கையில் தள்ளுவது பல சமயம் இப்படி வரும் நிமோனியாதான்.

மூக்குக் குழாயோடு அப்பா வீட்டுக்கு வந்தார். குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி, அமிலத்தாளில் சொட்டு விட்டு நிறம் பார்க்க வேண்டும். எண் 5-க்கு மேல் போகக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பிறகு தலையை உயர்த்தி வைத்து டப்பாப் பாலை மெதுவாக இறக்க வேண்டும். வாயால் எதுவும் சாப்பிடாதவருக்குத்தான் வாயை அதிகமாகச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதும் எனக்குப் புதுச் செய்தி. எச்சிலோடு வாய்க்கிருமிகள் நுரையீரலுக்கு இறங்கினால் ஆபத்தாம். அம்மா தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் முறைவைத்து அறைக்குள் போய்ச் சாப்பிட்டோம். அப்பா 'ஒலி' தமிழ் வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தெரிந்தவராக உட்கார்ந்திருந்தார். சோறு வேண்டுமென்று ஒருநாளும் கேட்கவில்லை. கீழே காப்பிக்கடையில் நுரை பொங்க இழுத்து ஊற்றும் தே தாரேக்கைத்தான் கேட்டார். விழுங்க முடியாதவருக்கு எல்லாவற்றிலும் ஆபத்தானது அதுதான். சோற்றைவிடத் தண்ணீர் வேகமாக ஓடும், கேட் மூடும்வரை காத்திருக்காது.

ஊசி வைத்தியத்தின் பேச்சு வந்தது அந்த நாட்களில்தான். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் அப்பாவோடு உட்கார்ந்து பேசும் சீனப் பெரியவர் ஒருவர், தன் மைத்துனருக்குச் சரியானது என்று தோ பாயோ பக்கமிருந்த ஒரு சின்சேயை, அதாவது சீன வைத்தியரை, சொன்னார். அப்பாவுக்குச் சீன வைத்தியம் புதிதல்ல. இளவயதில் இடுப்புப் பிடித்துக்கொண்டபோது தோங் சாய் மருத்துவ நிலையத்துக்குப் போயிருக்கிறார். 1867-இல் தொடங்கிய அந்த நிலையம் இனம் பார்க்காமல் இலவசமாக வைத்தியம் பார்ப்பது. அவர் காலத்துக் கூலித் தொழிலாளிகளுக்கு அது நன்றாகத் தெரிந்த இடம்.

தம்பிக்குப் பிடிக்கவில்லை. "கழுத்துல ஊசி குத்துறதாக்கா? அதுவும் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போட்டுக்கிட்டு இருக்கிறவருக்கு?" என்றான். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அதே வாரம் தஞ்சாவூரிலிருந்து சித்தப்பா மகன் கூப்பிட்டான். அங்கே ஊசிகூட இல்லாமல் விரலால் தொட்டே அக்குபங்சர் பார்க்கும் ஒருவர் இருக்கிறாராம். பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தால் போதுமாம். "ஆனா ஒன்னுக்கா, இங்கிலீஷ் மாத்திரை எல்லாத்தையும் நிறுத்திடணும். அதுதான் அவரோட கண்டிஷன்." தம்பி போனைப் பிடுங்கி ஏதோ சொல்லி வைத்துவிட்டான்.

மருத்துவமனையில் கேட்டோம். தடுக்கவுமில்லை, வற்புறுத்தவுமில்லை. பயிற்சியை விடாமல், மாத்திரையை நிறுத்தாமல், பதிவுபெற்றவரிடம் மட்டும் போவதானால் சரி என்றார்கள். சிங்கப்பூரில் பாரம்பரிய சீன மருத்துவர்களுக்கென்று 2000-இல் சட்டமே வந்துவிட்டது. பதிவில்லாமல் யாரும் ஊசியைத் தொட முடியாது. சின்சேயின் சான்றிதழ் அவர் மேசைக்குப் பின்னால் சுவரில் தொங்கியது.

எழுபதை நெருங்கிய மெலிந்த மனிதர். நாடி பிடிக்கும் முன், நாக்கை நீட்டச் சொல்லும் முன், என்னிடம் மருந்துப் பட்டியலையும் மருத்துவமனைக் கடிதத்தையும் கேட்டு வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, இரண்டு மாத்திரைகளின் பெயருக்குக் கீழே பேனாவால் கோடு போட்டார். நாக்குக்கு அடியிலுள்ள நாளங்களில் குத்திக் கொஞ்சம் ரத்தம் எடுப்பது இந்த நோய்க்கு வழக்கம். ஆனால் இந்த மாத்திரைகள் இருப்பதால் அதைச் செய்யமாட்டேன் என்றார். பட்டியலைப் பார்க்காமலே பட்டியலை நிறுத்தச் சொன்னவரை நினைத்துக்கொண்டேன். தம்பியின் முகம் அப்போதுதான் கொஞ்சம் இளகியது.

சின்சே பல ஆண்டுகளுக்கு முன் சீனாவின் தியான்ஜின் நகரில் பயிற்சி பெற்றவர். பக்கவாதத்துக்கான ஊசி முறைக்கு அந்த நகரம் பெயர்போனது. அங்குள்ள மருத்துவமனையில் ஷி சுவெமின் என்ற மருத்துவர் 1972-இல் வகுத்த முறையில், கோளாறு கையிலோ காலிலோ இருந்தாலும் குறி வைப்பது மூளையைத்தான். மூளையைத் தட்டி எழுப்பி அடைபட்ட வாசல்களைத் திறப்பது என்பது அவர்கள் பாஷை. விழுங்குவதற்கென்று கழுத்தைச் சுற்றிச் சில புள்ளிகளைத் தேர்ந்து வைத்திருக்கிறார்கள். உடம்பில் அவர்கள் எண்ணி வைத்திருக்கும் 361 புள்ளிகளில் அப்பாவுக்கு வேண்டியிருந்தது ஒரு கையளவுதான்.

அந்த அறையில் நான் பார்த்தது இன்னும் அப்படியே இருக்கிறது. அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, பிடரியில் மண்டையோடு முடியும் இரண்டு குழிகளை விரலால் தேடினார். முடியை ஒதுக்கி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முடியைப் போலவே மெல்லிய ஊசியை எதிர்ப்பக்கத்துக் குரல்வளையைக் குறிவைப்பதுபோல் சாய்த்து இறக்கினார். சொருகிவிட்டு விடவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே அப்பாவின் முகத்தைப் பார்த்தார். "சாகிட்?" என்று மலாயில் கேட்டார். வலிக்கவில்லை, கனக்கிறது என்று அப்பாவும் மலாயில் சொன்னார். சின்சே தலையாட்டினார். அவருக்கு வேண்டியது அந்தக் கனம்தான். அடுத்து இரண்டு காதுமடல்களுக்குப் பின்னே. கடைசியாக, தாடைக்குக் கீழே குரல்வளைக்குச் சற்று மேல், நடுக்கோட்டில் ஒன்று. அந்த ஊசி நாக்கின் வேரை நோக்கிப் போனபோது அப்பாவின் தொண்டை ஒருமுறை தானாகவே ஏறி இறங்கியது. "தெலான், தெலான்" என்றார் சின்சே. விழுங்கு, விழுங்கு. ஊசிகள் கழுத்தில் நிற்க, அப்பா கண்ணை மூடி வெறும் எச்சிலை விழுங்க முயன்றார். இரண்டு கிழவர்களும் பழைய சந்தை மலாயில் பேசிக்கொண்டு செய்த அந்தக் காரியத்தில் எனக்கு வேலை இல்லை. நான் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வாரத்தில் பாதி நாள் அங்கே போனோம். மீதி நேரம் முழுக்கப் பேச்சு சிகிச்சையாளர் தந்த பயிற்சிகள். வலிந்து விழுங்குவது. குரல்வளை எழும்பும்போது அதை மேலேயே சில நொடி நிறுத்தப் பழகுவது. தரையில் மல்லாந்து படுத்து, தோளைத் தூக்காமல் தலையை மட்டும் தூக்கிக் கால்விரலைப் பார்ப்பது. அப்பா இவற்றை வெல்டிங் வேலையின் ஒழுங்கோடு செய்தார். ஊசிக்கு முன்பு சோர்ந்து படுத்திருந்தவர், ஊசி போட்டுக்கொண்டு வந்த நாட்களில் கூடுதலாகச் செய்தார். அது ஊசியின் பலனா, யாரோ தன் தொண்டையைத் தொட்டுப் பார்க்கிறார்கள் என்பதன் பலனா, நான் பிரித்துப் பார்க்க முயன்றதில்லை.

முதலில் மாறியது கோப்பை. அது நிறைய எடுத்துக்கொள்ளும் நேரம் கூடியது. பிறகு ஒருநாள் அதை மறந்து கூடத்தில் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். குரலிலிருந்த ஈரச் சத்தம் குறைந்தது. எங்கள் எல்லாருக்கும் நம்பிக்கை பொங்கியது. அப்பாவுக்கோ பொறுக்கவில்லை. சின்சேயிடமே கேட்டுவிட்டார், "தே குடிக்கலாமா?"

சின்சே சிரிக்கவில்லை. தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி, "இதுக்கு உள்ள என் கண்ணு போகாது. உள்ள பார்க்கிற மிஷின் அங்கதான் இருக்கு" என்று மருத்துவமனை இருந்த பக்கம் கை காட்டினார். அவர்கள் படம் பார்த்துச் சொல்லும்வரை ஒரு சொட்டுக்கூடக் கூடாது. "பெலான் பெலான்", மெல்ல மெல்ல என்று அப்பாவின் தோளைத் தட்டினார். எனக்கு அந்த மனிதர்மேல் முழு மரியாதை பிறந்தது அந்த இடத்தில்தான். தன் வைத்தியம் பலித்துவிட்டது என்று நோயாளியே சொல்கிறார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிக் கீழே காப்பிக்கடைக்கு அனுப்பியிருந்தால் அவர் புகழ் புளோக் முழுக்கப் பரவியிருக்கும். அவர் எங்களை எக்ஸ்ரே அறைக்கு அனுப்பினார்.

இரண்டாவது படத்தில் உணவுக்குழாயின் வாசல் திறந்தது. முழுக்க அல்ல. வலப்பக்கத் தொண்டை இன்னும் மந்தமாகத்தான் இருந்தது. ஆனால் தலையை வலப்புறம் திருப்பிக்கொண்டு விழுங்கினால் செயலிழந்த பக்கம் மூடிக்கொள்ள, நல்ல பக்கத்தின் வழியாகக் கறுப்புக் கோடு நேரே கீழே போனது. தண்ணீர் மட்டும் இன்னும் தவறான குழாயை எட்டிப் பார்த்தது. அதனால் எதையும் கெட்டியாக்கிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அதற்கு உலகம் முழுக்க 0 முதல் 7 வரை ஒரே அளவுகோல் வந்திருக்கிறது. 0 தண்ணீர், 7 வழக்கமான சாப்பாடு. அப்பாவுக்குப் பானத்தில் 2, உணவில் 4. கெட்டித்தன்மையைப் பார்ப்பதும் எளிது. 10 மில்லி சிரிஞ்சில் பானத்தை ஊற்றி, அடியை விரலால் மூடி, 10 நொடி திறந்துவிட்டு, எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும். இரண்டாம் நிலைக்கு 4-லிருந்து 8 மில்லிவரை நிற்க வேண்டும். அம்மா இதில் எங்களைவிடத் தேர்ந்துவிட்டார். ரசத்தை மாவு போட்டுக் கெட்டியாக்கிச் சிரிஞ்சில் சோதித்தவர் எங்கள் பரம்பரையில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

படிப்படியாக அளவுகள் மாறின, ஒரு கட்டத்தில் மூக்குக் குழாய் வெளியே வந்தது. வழக்கு அப்போதுதான் தொடங்கியது. எதனால் சரியானது?

தம்பி பொறியாளன். ஆராய்ச்சிகளை ஒவ்வொன்றாக எனக்கு அனுப்பினான். மருத்துவச் சோதனைகளை அலசி எடைபோடும் கோக்ரேன் அமைப்பு 2008-இல் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறது: பக்கவாதம் வந்த புதிதில் விழுங்க முடியாதவர்களுக்கு ஊசி வைத்தியம் உதவுமா? தரத்துக்குத் தேறியது ஒரே ஒரு சோதனை, அதில் 66 பேர். முடிவு சொல்லப் போதாது என்று விட்டுவிட்டார்கள். 2018-இல் ஊசி, பயிற்சி, மின்தூண்டல் எல்லாவற்றையும் சேர்த்து 41 சோதனைகள், 2,660 பேர். சாவையோ பிறரைச் சார்ந்திருப்பதையோ இவை குறைத்ததாகத் தெரியவில்லை. விழுங்கும் சிக்கலும் நெஞ்சுச் சளித்தொற்றும் குறையக்கூடும், ஆனால் சான்றுகள் பலவீனமானவை என்றது அந்த அறிக்கை. அமெரிக்க இதயச் சங்கமும் பக்கவாதச் சங்கமும் 2016-இல் வெளியிட்ட மறுவாழ்வு வழிகாட்டியில், மற்றச் சிகிச்சைகளோடு துணையாக வேண்டுமானால் கருதலாம் என்று ஒரு வரி இருக்கிறது. "பார்த்தியாக்கா, 'வேணும்னா கருதலாம்'. அவ்வளவுதான். சும்மா இருந்திருந்தாலும் இதே நேரத்துல சரியாகியிருக்கும்" என்றான்.

இருந்திருக்கலாம். போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடுவதுபோல் போலி ஊசி குத்தி ஒப்பிடுவது கடினம். குத்துகிறவருக்கு எது உண்மை ஊசி என்று தெரிந்துவிடும். இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை சீனாவில் நடந்தவை, சிறியவை. மூளையும் நாளாக நாளாகத் தானே புதுவழி தேடிக்கொள்கிறது. அப்பா என்கிற ஒரே ஆளை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது என்பதில் எனக்கும் தம்பிக்கும் கருத்து வேறுபாடில்லை. ஆனால், ஊசி இல்லாதிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்பதற்கும் அந்த ஒரே ஆள் சாட்சியாக முடியாதே என்றேன். அவன் பதில் போடவில்லை.

அப்பா இந்த வழக்கில் எல்லாப் பக்கமும் வக்கீலாக இருந்தார். கீழ்த்தளத்துச் சீனப் பெரியவரிடம் சின்சேயின் கைராசி என்பார். பேச்சு சிகிச்சையாளரிடம், நீ படுக்கப்போட்டுத் தலையைத் தூக்க வைத்ததுதான் என்பார். அம்மாவிடம் முருகன். தம்பியைப் பார்த்தால் மட்டும், "மாத்திரையை விடாமப் போட்டேன்ல" என்பார்.

இப்போது யார் வீட்டிலாவது பக்கவாதம் வந்தால் என்னைக் கூப்பிடுகிறார்கள். "அந்த சின்சே நம்பர் இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. கொடுக்கிறேன், கூடவே சிலவற்றைச் சொல்கிறேன். முதலில் விழுங்கும் சோதனை முடியட்டும், அதுவரை வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள். ஊசிக்குப் போவதானால் பயிற்சியை விடாமல் போங்கள். யாரிடம் போனாலும், அவர் உங்கள் மருந்துப் பட்டியலைக் கேட்கிறாரா, தேறியதாகத் தோன்றும்போது மறுபடி படமெடுத்துப் பார்க்கச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். இரண்டும் இல்லையென்றால் அவர் கையில் ஊசி இருந்தாலும் விரல் இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். தஞ்சாவூர்த் தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன். அவன் மாமனாருக்கு இப்போது ரத்தக் கொதிப்பாம். தொட்டுப் பார்ப்பவரிடம்தான் போகிறாராம். மாத்திரையை நிறுத்திவிட்டாரா என்று கேட்டேன். "அவருக்குத் தெரியாம அத்தை ரசத்துல கலந்து குடுத்துடுறாங்கக்கா" என்றான். அதைக் கலக்காமல், டாக்டரிடம் அழைத்துப் போய் நேராகப் பேச வையுங்கள் என்று வாரம் தவறாமல் அவனைக் கூப்பிட்டு நச்சரித்துக்கொண்டிருக்கிறேன்.